சிலிக்கானா சலைனா, ரவுண்டா டியர்ட்ராப்பா: பிரெஸ்ட் இம்ப்ளான்ட் வெச்சுக்கிட்டவ எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் இத வெச்சுக்கிட்டது பிரெஸ்ட் கேன்சருக்கு இடது பக்கம் முழுசா எடுத்ததுக்கு அப்புறம். அழகுக்காக யோசிக்கறவங்க "இது நமக்கில்ல"ன்னு தாண்டிப் போயிடாதீங்க, உள்ள வைக்கிற பொருள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், செய்யற கம்பெனியும் ஒண்ணுதான், அது கெட்டுப்போற விதமும் பெரும்பாலும் ஒண்ணுதான். தமிழ்ல தேடிப் பாத்தா டாக்டருங்க பேசற குட்டி வீடியோ வருது, கடைசில கிளினிக் ஃபோன் நம்பரோட முடியுது, இல்லன்னா எந்தெந்த நடிகை பண்ணிக்கிட்டாங்கன்னு ஒரு கேவலமான லிஸ்ட் வருது. இத உள்ள வெச்சுக்கிட்டு தூங்கி எழுந்து பஸ்ல கம்பியப் பிடிச்சு நின்னு மாவு அரைச்சு ஜாக்கெட் தெச்சுப் போட்டுக்கற ஒருத்தி எழுதினது எதுவும் எனக்கு கிடைக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்குள்ள இப்ப இருக்கறது சிலிக்கான் ஜெல், ரவுண்ட் ஷேப், ஸ்மூத் ஷெல் (வெளி உறை வழவழன்னு இருக்கறது, சொரசொரன்னு இருந்தா டெக்ஸ்சர்டு), மார்புத் தசைக்கு கீழ. வெச்சு ரெண்டு தீவாளி தாண்டிருச்சு. பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா ஒரே கம்பெனி ஸ்மூத்தும் விக்குது டெக்ஸ்சர்டும் விக்குது சலைனும் விக்குது, பேர மட்டும் தெரிஞ்சுக்கிட்டு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.

ஆபரேஷனுக்கு முன்னாடி எங்க பிளாஸ்டிக் சர்ஜன் மேடம் டேபிள் மேல சாம்பிள் எல்லாம் எடுத்து வெச்சாங்க. கையில எடுத்து அமுக்கிப் பாக்கச் சொன்னாங்க, என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்ட பாத்துக்கிட்டு நின்னார் பாவம். கையில பிடிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கு, எது மெத்துனு இருக்கு எது கொஞ்சம் கெட்டின்னு வித்தியாசம் தெரியுது, அதுக்கு மேல ஒண்ணும் புரியல. எனக்கு கடைசில உதவினது ஒரே ஒரு கேள்விதான், ஒவ்வொண்ணுக்கும் அதையே கேட்டேன்: "மேடம், இது கெட்டா என்ன ஆகும், கெட்டுப்போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" எப்படி இருக்கும்னு கேட்டா எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் வருது, நேச்சுரலா இருக்கும்மான்னு. எப்படி கெடும்னு கேட்டாதான் ஒவ்வொண்ணும் தனித்தனியா பிரிஞ்சு நிக்குது. கீழ எழுதறது முழுக்க அந்தக் கணக்குதான்.

சலைன்லேந்து ஆரம்பிக்கறேன். உப்புத்தண்ணி, அதாவது டிரிப்ஸ்ல ஏத்தறாங்களே அந்த சலைன். வெளிய இருக்கற உறை மட்டும் இதுலயும் சிலிக்கான்தான், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, "எனக்கு சிலிக்கானே வேணாம் சலைன் குடுங்க"ன்னு கேக்கறாங்க. காலி உறைய உள்ள வெச்சுட்டு அப்புறம் தண்ணி நிரப்பறதால வெட்டு சின்னதா போதும். இதோட பெரிய நல்ல விஷயம், ஓட்டை விழுந்தா மறைக்கவே தெரியாது. அமெரிக்கால இருக்கற என் சித்தி பொண்ணு ரொம்ப வருஷம் முன்னாடி சலைன் வெச்சுக்கிட்டா, ஒரு நாள் காலைல குளிக்கப் போனா ஒரு பக்கம் தட்டையா கிடக்கு. பயந்துட்டா, ஆனா ஆபத்து ஒண்ணும் இல்ல, உப்புத்தண்ணிய உடம்பே இழுத்துக்கும். ஸ்கேன் கூட வேணாம், கண்ணாலயே தெரியுது. கெட்ட விஷயம் என்னன்னா தொட்டா தண்ணிப் பை மாதிரி தளதளன்னு இருக்கும், தோல் மெல்லிசா இருக்கறவங்களுக்கு சுருக்கம் சுருக்கமா மேல தெரியும், ரிப்ளிங்குன்னு சொல்வாங்க. என்ன மாதிரி கேன்சருக்கு எடுத்தவங்களுக்கு உறைக்கும் தோலுக்கும் நடுவுல மறைக்கறதுக்கு கொழுப்பே இருக்காது, அதனால இன்னும் மோசமா தெரியும். எங்க மேடம் சலைன் ஸ்டாக்கே வெச்சுக்கறதில்லயாம், வேணும்னா வரவழைக்கணும்னாங்க. அதோட அந்த ஆப்ஷன் முடிஞ்சுது எனக்கு.

சிலிக்கான் ஜெல்லுக்கு வருவோம். இதோட கதையப் படிச்சா ஒரு வாரம் தூக்கம் வராது, ஆனா படிச்சுட்டுத்தான் வெச்சுக்கணும்னு நான் சொல்வேன். 1962ல அமெரிக்கால ஹூஸ்டன்ல டிம்மி ஜீன் லிண்ட்ஸேன்னு ஒரு அம்மாவுக்குத்தான் முதல்முதலா வெச்சாங்க, அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதே பச்சை குத்தினத அழிக்கறதுக்கு, டாக்டருங்க பேசி இதுக்கு சம்மதிக்க வெச்சாங்க, அந்தம்மா கேட்டது காத கொஞ்சம் ஒட்டி வெச்சு விடுங்கன்னு. அதையும் செஞ்சு குடுத்தாங்களாம். அப்புறம் முப்பது வருஷம் தாராளமா வித்தாங்க. 1992ல எஃப்டிஏ, அதாவது மருந்தையும் இந்த மாதிரி பொருளையும் கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்பு, நிறுத்திச்சு, பாதுகாப்புக்கு கம்பெனிங்க காட்டின டேட்டா போதாதுன்னு. கேன்சருக்கு எடுத்தவங்களுக்கு மட்டும் ஸ்டடியில சேத்து வெக்க விட்டாங்க. கேஸ் மேல கேஸ் விழுந்து, இத செஞ்சு வித்த டவ் கார்னிங் கம்பெனி 1995ல திவால் நோட்டீஸ் குடுத்துச்சு. 2006 நவம்பர்லதான் மறுபடி விக்க விட்டாங்க, அழகுக்காகன்னா 22 வயசு ஆனவங்களுக்கு. மூட்டுவாதம் மாதிரி நோய்ங்க இதால வருதுங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னு 1999லயே அங்க ஒரு பெரிய கமிட்டி ரிப்போர்ட் குடுத்துச்சு, ஆனா அந்த விவாதம் இன்னிக்கும் ஓயல, அதுக்கு கீழ வரேன்.

அப்புறம் பிரான்ஸ் கூத்து ஒண்ணு இருக்கு. பிஐபின்னு ஒரு கம்பெனி, மெடிக்கல் சிலிக்கானுக்கு பதிலா ஃபேக்டரி வேலைக்கு பயன்படுற மட்டமான சிலிக்கான நிரப்பி உலகம் பூரா வித்துட்டான். 2010ல பிடிபட்டுச்சு, ஓனர் ஜான் குளோட் மாஸுக்கு 2013ல நாலு வருஷம் ஜெயில். இத ஏன் சொல்றேன்னா, உங்களுக்கு வெக்கறது எந்த கம்பெனி, எந்த லாட், எந்த சீரியல் நம்பர்னு எழுதின கார்டு உங்க கையில இருக்கணும், ஃபைல்ல இருக்கு ஆஸ்பத்திரில இருக்குன்னு சொன்னா விடாதீங்க. பிஐபி வெச்சுக்கிட்டவங்கள்ல தன்னோடது எதுன்னே தெரியாம அலைஞ்சவங்க இருந்தாங்க. நான் அந்த ஸ்டிக்கர ஃபோட்டோ எடுத்து என் தங்கச்சிக்கும் அனுப்பி வெச்சிருக்கேன்.

இப்ப வர்ற ஜெல் பழசு மாதிரி ஒழுகற ஜெல் இல்ல, கோஹிசிவ் ஜெல்னு சொல்றாங்க, வெட்டினாலும் வழியாம அப்படியே நிக்கும். கையில பிடிச்சதுல இதுதான் எனக்கு உடம்பு மாதிரி இருந்துச்சு. சரி இது எப்படி கெடும்? சத்தமே போடாம கெடும். உறை கிழிஞ்சாலும் ஜெல் அங்கயே நிக்கறதால ஷேப் மாறாது, வலிக்காது, உங்களுக்கும் தெரியாது டாக்டர் தொட்டுப் பாத்தாலும் பல சமயம் தெரியாது. சைலன்ட் ரப்ச்சர். எம்ஆர்ஐ மாதிரி ஸ்கேன் எடுத்தாதான் தெரியும், கிழிஞ்ச உறை உள்ள மடிஞ்சு மடிஞ்சு நூடுல்ஸ் மாதிரி கிடக்குமாம், லிங்குவினி சைன்னு ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்ல எழுதுவாங்க (நம்மாளு கண்டுபிடிச்சிருந்தா இடியாப்பம்தான்). எஃப்டிஏ 2020ல சொன்னது, முதல் ஸ்கேன் அஞ்சு ஆறு வருஷத்துல, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா, எம்ஆர்ஐ இல்லன்னா அல்ட்ராசவுண்ட், ஏதாவது தொந்தரவு இருந்தா காத்திருக்காம உடனே. அப்ப பாருங்க, சிலிக்கான் வாங்கறதுன்னா ஒரு தடவ பணம் கட்டறது இல்ல, ஆயுசுக்கும் ஸ்கேன் பில் கட்டறதும் சேத்துதான். எஸ்டிமேட் ஷீட்ல அந்த லைன் இருக்கவே இருக்காது. என் பக்கத்து பெட்ல இருந்த அக்கா "பத்து வருஷம் கேரன்ட்டியாம்"னு சந்தோஷமா சொன்னாங்க, அத வாங்கிப் படிச்சுப் பாத்தா புதுசு ஒண்ணு குடுப்போம்ங்கறாங்க, ஆபரேஷன் பண்ற செலவு முழுசா குடுப்போம்னு எங்கயும் இல்ல. உங்க கம்பெனிது வேற மாதிரி இருக்கலாம், ஆனா சின்ன எழுத்த படிங்க.

இனிமே சொல்றதுதான் இருக்கறதுலயே முக்கியம், ஆனா ஷோரூம் பேச்சுல கடைசியா வர்ற விஷயம். உறையோட மேல்பரப்பு. ஸ்மூத்துன்னா வழவழன்னு இருக்கும், உள்ள அதுபாட்டுக்கு நகரும். டெக்ஸ்சர்டுன்னா சொரசொரன்னு இருக்கும், சதை அதுல பிடிச்சுக்கும், நகராது, சுத்தி இறுகறதும் கம்மின்னு சொல்லி ஒரு காலத்துல நிறைய டாக்டருங்க அதத்தான் விரும்பினாங்க. 2011லேந்தே எஃப்டிஏ சொல்லிக்கிட்டு இருந்தது, இம்ப்ளான்ட்ட சுத்தி வளர்ற தழும்பு ஜவ்வுல ஒரு வகை லிம்ஃபோமா வருதுன்னு, பிஐஏ ஏஎல்சிஎல்னு பேரு. இது பிரெஸ்ட் கேன்சர் இல்ல, நோய் எதிர்ப்பு செல்லுல வர்ற கேன்சர். 2019 ஜூலைல கணக்கு எடுத்தப்ப உலகம் முழுக்க 573 கேஸ், 33 சாவு, அதுல 481 கேஸ் அலர்கன் கம்பெனி இம்ப்ளான்ட் வெச்சவங்களுக்கு. அவங்களோட பயோசெல்ங்கற சொரசொர வகைய உலகம் முழுக்க திரும்ப எடுத்துக்க வெச்சாங்க. பிரான்ஸ் அதுக்கு முன்னாடி ஏப்ரல்லயே ரொம்ப சொரசொரப்பான வகைங்களையும் மேல பாலியூரித்தேன் பூச்சு போட்டதையும் தடை பண்ணிடுச்சு. கோடிக்கணக்குல வெச்சிருக்கறவங்கள்ல இது அபூர்வம்தான், ஆனா ஒரு கேன்சர எடுத்துட்டு அந்த எடத்துல இன்னொரு கேன்சருக்கு கதவத் தொறந்து வெக்கறதா, எனக்கு அத யோசிக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகல. டெக்ஸ்சர்டு வேணாம்னு சொல்லிட்டேன்.

கீமோ வார்டுல பழக்கமான ஒரு அக்காவுக்கு 2019க்கு முன்னாடியே டெக்ஸ்சர்டு டியர்ட்ராப் (கண்ணீர்த்துளி ஷேப்) வெச்சிருந்தாங்க, இந்த நியூஸ் வந்தப்ப ராத்திரி பகல் அழுதிருக்காங்க, யாரோ உடனே எடுத்துடுங்கன்னு பயமுறுத்தி விட்டுட்டாங்க. எஃப்டிஏ அப்படி சொல்லல. தொந்தரவு எதுவும் இல்லன்னா எடுக்கத் தேவையில்ல, கவனிச்சுக்கோங்கன்னுதான் சொல்லுச்சு. கவனிக்க வேண்டியது, ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கு ஆனப்புறம் திடீர்னு ஒரு பக்கம் வீங்குறது, உள்ள தண்ணி கோக்குறது, கட்டி தட்டுப்படுறது, வலி. அப்படி வீங்கினா "அடிபட்டிருக்கும், ஆன்டிபயாட்டிக் போடுங்க"ன்னு அனுப்பி விட்டா போகாதீங்க, அந்தத் தண்ணிய ஊசில எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி கேளுங்க, சிடி30ன்னு ஒரு டெஸ்ட். இதத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போதும். 2022ல வேற சில வகை கேன்சரும் அதே ஜவ்வுல ரொம்ப அபூர்வமா வருதுன்னு நோட்டீஸ் விட்டாங்க, அதுல ஸ்மூத் வெச்சவங்களும் இருக்காங்க. அதனால ஸ்மூத்துன்னா நிம்மதியா மறந்துடலாம்னு அர்த்தம் இல்ல, எனக்கும் அந்த விதி பொருந்தும்.

ஸ்மூத் எப்படி கெடும்னா, இறுகும். எந்த வெளிப் பொருள உள்ள வெச்சாலும் உடம்பு அத சுத்தி ஒரு ஜவ்வு கட்டும், அது சாதாரணம். சில பேருக்கு அந்த ஜவ்வு சுருங்கி இம்ப்ளான்ட்ட நெரிக்கும், கேப்சூலர் கான்ட்ராக்சர். பேக்கர் கிரேடுன்னு ஒண்ணுலேந்து நாலு வரைக்கும் சொல்றாங்க, ஒண்ணு மெத்துனு இருக்கறது, நாலு கல்லு மாதிரி ஆகி வலிக்கறது. ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு நல்லா கூடுது. எனக்கு ரேடியேஷன் தேவைப்படல, அதனாலதான் இம்ப்ளான்ட் பக்கமே வந்தேன், இத தனியா அடிக்கோடு போட்டு படிச்சுக்கோங்க. உங்களுக்கு ரேடியேஷன் உண்டுன்னா என் ரிவ்யூவப் பாத்து முடிவெடுக்காதீங்க, வயித்து சதைய எடுத்து வெக்கற டிஐஇபி ஃப்ளாப், முதுகுத் தசைய திருப்பி வெக்கற எல்டி ஃப்ளாப் இதெல்லாம் பத்தி கேளுங்க. ஆபரேஷன் நீளம், தழும்பு ரெண்டு எடத்துல, ஆனா சொந்த சதை, ஸ்கேன் பண்ணி கிழிஞ்சுதா பாக்கற வேலை இல்ல, நீங்க வெயிட் போட்டா அதுவும் கூடவே போடும்.

ஷேப் விஷயத்துல நேரத்த வீணாக்காதீங்கன்னுதான் சொல்வேன். டியர்ட்ராப்னு பேரு அழகா இருக்கு, ஆனா அது உள்ள சுத்திக்கிட்டா ஷேப் கோணிப்போகும், சுத்தக்கூடாதுன்னாதான் சொரசொர உறை வேணும், சொரசொர உறைன்னா மேல சொன்ன கதை. ரவுண்டு சுத்தினாலும் ரவுண்டுதான். நின்னா ஜெல் கொஞ்சம் கீழ இறங்கத்தான் செய்யுது, பந்து ஒட்ட வெச்ச மாதிரி இல்ல.

சைஸ்ல கப் சைஸ் சொல்லி கேக்க முடியாது. மார்போட அகலத்த ஸ்கேல் வெச்சு அளந்து அதுக்குள்ள எந்த விட்டம் அடங்கும்னு பாப்பாங்க, அப்புறம் எவ்ளோ முன்னாடி வரணும்னு லோ, மாடரேட், ஹைன்னு புரொஃபைல், சிசி கணக்கு (ஒரு சிசின்னா ஒரு மில்லி) கடைசில தானா வந்து விழும். வீட்ல டெஸ்ட் பண்றதுக்கு ஒரு வழி இருக்கு, அரிசிய சிசி கணக்குக்கு மெஷரிங் கப்ல அளந்து மெல்லிசு சாக்ஸ்ல கட்டி பிராக்குள்ள வெச்சுப் பாக்கறது. நான் பொன்னி அரிசி வெச்சுக்கிட்டு சமையல் கூட பண்ணினேன், எங்க மாமியார் பாத்துட்டு "என்னம்மா இது கோலம்"னு கேட்டாங்க, விஷயத்த சொன்னதும் சிரிச்சுட்டு "வலது பக்கத்துக்கு இது கம்மிம்மா, இன்னும் ஒரு பிடி போடு"ன்னாங்க. அவங்க கண்ணு சரியாத்தான் சொல்லிருக்கு.

எனக்கு நேரா இம்ப்ளான்ட் வெக்கல, முதல்ல எக்ஸ்பான்டர். பலூன் மாதிரி ஒண்ண தசைக்கு கீழ வெச்சு தையல் ஆறினப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா சலைன் ஏத்தி தோல விரிப்பாங்க. உள்ள ஒரு மேக்னட் இருக்கு, மேலேந்து இன்னொரு மேக்னட்ட வெச்சு ஊசி குத்தற எடத்த கண்டுபிடிப்பாங்க. தோல் மரத்துக் கிடக்கறதால ஊசி வலிக்கல, ஆனா ஏத்தின அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் நெஞ்ச யாரோ பெல்ட்ட போட்டு இறுக்கின மாதிரி, மூச்ச நல்லா இழுத்து விட முடியாது. எக்ஸ்பான்டர் உள்ள இருக்கறப்ப எம்ஆர்ஐக்குள்ள போகக்கூடாதுன்னு சொன்னாங்க, மேக்னட் இருக்கே. இந்தக் கட்டம் ரொம்ப நரகம்னு நான் சொல்வேன், ஆனா இதுல ஒரு லாபம் இருக்கு, எவ்ளோ சைஸ் வேணும்னு ஏத்தும்போதே கண்ணாடில பாத்து நிறுத்தச் சொல்லலாம். காயத்துல ஊறுற தண்ணி வடியறதுக்கு வெச்ச டிரெயின் டியூப நைட்டிக்குள்ள சேஃப்டி பின் போட்டு தொங்க விட்டுக்கிட்டு திரிஞ்சது தனிக்கதை, அத விடுங்க.

தசைக்கு மேலயா கீழயாங்கறது இன்னொரு சண்டை. இப்ப மேல வெக்கறதுதான் புது டிரெண்டு, வலி கம்மி, தசைய பிரிக்கத் தேவையில்ல. ஆனா அதுக்கு இம்ப்ளான்ட்ட தாங்கிப் பிடிக்க ADMனு ஒரு ஷீட் போடுவாங்க, மனுஷத் தோல்லயோ பன்னித் தோல்லயோ செல்லு எல்லாம் நீக்கி செஞ்சது (வீட்ல பெரியவங்ககிட்ட இந்தப் பகுதிய நான் வாசிச்சு காட்டல). என் எஸ்டிமேட்ல அந்த ஷீட்டு விலை இம்ப்ளான்ட் விலைய தாண்டிருச்சு. எனக்கு தோல் மெல்லிசுங்கறதால விளிம்பு தெரியும்னும் மேடம் சொன்னாங்க, அதனால கீழ வெச்சாச்சு. கீழ வெச்சதோட விலை என்னன்னா, கைல பலமா ஏதாவது பண்ணினா மார்பு தனியா ஆடும். ஊறுகாய் பாட்டில் மூடிய திருகினா, சப்பாத்தி மாவு அழுத்திப் பிசைஞ்சா, இடது பக்கம் மட்டும் மேல ஏறி உள்ள இழுத்து மறுபடி இறங்கும். முதல் தடவ பாத்தப்ப திக்குனு ஆச்சு, இப்ப என் பொண்ணு "அம்மா ஆட்டிக் காட்டு"ங்கறா. வெயிட் தூக்கற ஜிம் பொண்ணுங்களா இருந்தா இத சீரியஸா யோசிங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் யாரும் சொல்லாத விஷயங்க சில இருக்கு. குளிர் காலத்துல இம்ப்ளான்ட் ஜில்லுனு இருக்கும், ஏசி ரூம்லேந்து வந்தா அந்தப் பக்கம் மட்டும் சூடாக நேரம் ஆகுது. தொட்டா உணர்ச்சி இல்ல, அழுத்தம் மட்டும் தெரியும், எனக்கு ஓரத்துல கொஞ்சம் திரும்பி வந்திருக்கு, நடுவுல இல்ல. இதுல ஒரு நிஜமான ஆபத்து, ஒத்தடம். தோள் வலின்னு ஹாட் வாட்டர் பேக் வெச்சுக்கிட்டு படுத்தா தோல் பொசுங்கினாக்கூட தெரியாது, அப்படி கொப்பளம் போட்டு இம்ப்ளான்ட்டையே எடுக்க வேண்டி வந்தவங்கள பத்தி எங்க சிஸ்டர் சொன்னாங்க, அந்தப் பக்கம் சூடே கிட்ட கொண்டு போகக்கூடாது. குப்புறப் படுக்கறது எனக்கு இன்னமும் செட் ஆகல.

ஜாக்கெட்டுக்கு வருவோம், ஏன்னா பிராவ விட நமக்கு அதுதான் பெரிய பிரச்சனை. இம்ப்ளான்ட் பக்கம் மேல் பாதி கொஞ்சம் உப்பலா நிக்கும், சொந்தப் பக்கம் வயசுக்கு ஏத்த மாதிரி இறங்கி இருக்கும், பிரா போட்டா ரெண்டும் ஒண்ணாத் தெரியுது, பிரா இல்லாம நின்னா வித்தியாசம் தெரியுது. எங்க டெய்லரக்காகிட்ட விஷயத்த சொல்லியே அளவு குடுத்தேன், அவங்க ஒண்ணும் அலட்டிக்கல, ரெண்டு பக்கத்துக்கும் டாட்ஸ் வேற வேற உயரத்துல பிடிச்சுக் குடுத்தாங்க, அவ்ளோதான் கச்சிதமா வந்துருச்சு. ரெடிமேட் பிளவுஸ் மட்டும் செட் ஆகாது. இந்த வித்தியாசம் போகப் போக கூடத்தான் செய்யும், ஏன்னா ஒரு பக்கத்துக்கு வயசாகுது இன்னொரு பக்கத்துக்கு ஆகல. வலது பக்கத்தையும் தூக்கி சரி பண்ணலாம்னு மேடம் சொன்னாங்க, நான்தான் இன்னொரு கத்தி வேணாம்னு தள்ளிப் போட்டுட்டு இருக்கேன்.

பிரெஸ்ட் இம்ப்ளான்ட் இல்னஸ்னு நெட்ல நிறைய படிப்பீங்க. சோர்வு, மறதி, மூட்டு வலி, முடி கொட்டறது, இதெல்லாம் இம்ப்ளான்ட்டாலன்னு சொல்ற பொண்ணுங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, எடுத்தப்புறம் சரியாச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா இதுதான் அதுன்னு உறுதி பண்ண ஒரு டெஸ்ட் கிடையாது. 2021 அக்டோபர்ல எஃப்டிஏ பெட்டி கட்டி போடச் சொன்ன எச்சரிக்கைல இதையும் சேத்துருக்காங்க, அதுல இன்னொரு வரி, இது ஆயுசுக்கும் இருக்கற பொருள் இல்லன்னு. எனக்கும் சோர்வு, மூட்டு வலி ரெண்டும் உண்டு. ஆனா கீமோ வாங்கி டமாக்சிஃபென் (பிரெஸ்ட் கேன்சர் திரும்பி வராம இருக்க குடுக்கற மாத்திரை) முழுங்கிக்கிட்டு இருக்கற உடம்புல எது எதாலன்னு யாரக் கேக்கறது. கற்பனைன்னு ஒதுக்கற டாக்டரும் வேணாம், எல்லாத்துக்கும் இதான் காரணம்னு எடுக்கச் சொல்றவரும் வேணாம்.

பணத்துக்கு. அழகுக்காக வெச்சுக்கிட்டா இன்ஷூரன்ஸ் குடுக்காது, ஆனா கேன்சருக்கு அப்புறம் திருப்பி அமைக்கிறது அந்த விலக்குல வராது, இன்ஷூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ வார்த்தைலயே விபத்து, தீக்காயம், கேன்சர் மூணுக்கும் விதிவிலக்கு இருக்கு. எனக்கு முதல்ல "காஸ்மெட்டிக்"னு எழுதி ரிஜெக்ட் பண்ணினாங்க, எந்த கம்பெனின்னு சொல்லல, மேடம் லெட்டர்ல ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப்டர் மாஸ்டெக்டமின்னு எழுதி வாங்கி திருப்பி அனுப்பினப்புறம்தான் பாஸ் ஆச்சு. முதல் லெட்டர்லயே அந்த வார்த்தைய எழுதச் சொல்லிடுங்க. பிரைவேட்டுக்குப் போக முடியாதவங்க, சென்னை ஸ்டான்லில 2018லயே ஃப்ரீயா இம்ப்ளான்ட் வெக்கற கிளினிக் ஆரம்பிச்சாங்க, அப்ப டிவில கிண்டல் எல்லாம் பண்ணினாங்க, ஏழைக்கு எதுக்கு இதுன்னு. கிண்டல் பண்ணினவங்களுக்கு சட்டைக்குள்ள துணிய சுருட்டி வெச்சுக்கிட்டு வேலைக்குப் போற பொண்ணுங்கள தெரியாது போல. அங்க பிளாஸ்டிக் சர்ஜரி ஓபில போய் கேளுங்க.

எதுவுமே வேணாம்னு இருக்கறதும் ஒரு ஆப்ஷன்தான், அதையும் டேபிள்ல வெக்கணும். பிராக்குள்ள வெச்சுக்கற சிலிக்கான் புரோஸ்தெசிஸ் இருக்கு, வெயிட்டும் விலையும் ஜாஸ்தி, வேர்க்கும். காட்டன் நூல்ல பின்னி பஞ்சு அடைச்சது இருக்கு, சென்னை வெயிலுக்கு அதுதான் சொர்க்கம், எக்ஸ்பான்டருக்கு முன்னாடி கொஞ்ச நாள் நான் அதுதான் வெச்சிருந்தேன், என்னோட கீமோ முடிச்ச ஒருத்தங்க இன்னிக்கும் அதோடயே ஜாலியா இருக்காங்க, ஸ்கேனும் இல்ல கார்டும் இல்ல.

என் மார்க்குன்னு கேட்டா ஸ்மூத் ரவுண்ட் சிலிக்கானுக்கு அஞ்சுக்கு மூணரை. அரை மார்க் ஊறுகாய் பாட்டிலுக்கு போச்சு, ஒரு மார்க் அந்த ஸ்கேன் கணக்குக்கு. நீங்க டாக்டர்கிட்ட போறப்ப இத மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க: உறை ஸ்மூத்தா டெக்ஸ்சர்டா, மாடல் பேர் என்ன, தசைக்கு மேலயா கீழயா, எனக்கு ரேடியேஷன் வருமா வராதா, கிழிஞ்சுதான்னு எப்ப எதுல பாப்பீங்க, இறுகிப்போனா திரும்ப பண்ற செலவு யாரோடது. டாக்டர் கோவப்பட்டா வேற டாக்டர பாருங்க. ரேடியேஷன் வாங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சவங்க யாராவது இத படிச்சா உங்களுக்கு எப்படி இருக்குன்னு கீழ எழுதுங்க, எங்கிட்ட கேக்கறவங்களுக்கு அதுக்கு மட்டும் நான் பதில் சொல்ல முடியாது.